உப்பு, குளுக்கோஸ், ஒரு இஸ்திரிப் பெட்டி

[காட்சி: மழை. சேறான சாலையில் மூட்டை முடிச்சோடு நடக்கும் கூட்டம். கறுப்பு வெள்ளை.]

1971 ஜூன். கிழக்குப் பாகிஸ்தான்ல (இன்னைய வங்கதேசம்) ராணுவம் சுட ஆரம்பிச்சு மூணு மாசம் ஆச்சு. உயிர் தப்பின ஜனம் மேற்கு வங்கத்துக்குள்ள வந்துக்கிட்டே இருக்கு. எல்லையோரமா பன்காவ்னு ஒரு ஊர். அங்க ஆஸ்பத்திரியில காலராவுக்கு ரெண்டு அறை, 16 கட்டில். மிச்சப் பேரெல்லாம் தரையில. கல்கத்தாவிலிருந்து போன குழந்தை மருத்துவர் திலீப் மஹலனாபிஸ், வாந்தி பேதிக்கு நடுவுல முட்டி போட்டுத்தான் சலைன் (ரத்தக்குழாய் வழியா விடுற உப்புத் திரவம்) ஏத்தணும்.

அந்த சலைனும் தீர்ந்துக்கிட்டே வருது.

[காட்சி: குடல் சுவர், அனிமேஷன்]

காலரா வந்தா அரிசி கழுவின தண்ணி மாதிரி போகும். சில பேருக்கு மணிக்கு ஒரு லிட்டர் வரைக்கும். கிருமி ஆளைக் கொல்றதைவிட, உடம்புல தண்ணி வத்திப்போய்த்தான் ஆள் சாகுறார். வெறும் தண்ணியும் உப்பும் குடிச்சா குடல் சரியா இழுக்காது. கூடவே குளுக்கோஸ் இருந்தா அது உப்பை உள்ள கூட்டிட்டுப் போகும், பின்னாலயே தண்ணியும் போகும். அந்த வழியைக் காலராவால அடைக்க முடியல.

1968லயே டாக்காவுல இந்த உப்பு-குளுக்கோஸ் கரைசலை நோயாளிங்களுக்குக் குடிக்கக் கொடுத்துப் பார்த்துட்டாங்க. ஆனா அது ஆஸ்பத்திரியில, மருத்துவர் பக்கத்துல நின்னு அளந்து கொடுத்தது. முகாம்ல அதுக்கு ஆள் ஏது?

[காட்சி: பாலிதீன் பொட்டலங்கள்]

கல்கத்தாவுல மஹலனாபிஸ் வேலை பார்த்த ஆய்வு மையத்தோட நூலக அறையில பொட்டலம் கட்ட ஆரம்பிச்சாங்க. லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் ஆப்ப சோடா. பையோட வாயை இஸ்திரிப் பெட்டியால ஒட்டினாங்க. (இன்னைக்கு மருந்துக்கடையில கிடைக்கிற ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தோட அளவு வேற. இதைப் பார்த்து வீட்டுல கலக்காதீங்க.)

முகாம்ல டிரம்ல கரைச்சு வெச்சாங்க. அம்மா, அண்ணன், மாமான்னு கூட வந்தவங்களே மொண்டு குடிக்க வெச்சாங்க. "ஊசி போடலையா?"ன்னு கேட்கிறவங்ககிட்ட என்ன சொல்றது? "இதுவும் சலைன்தான், வாயால குடிக்கிற சலைன்."

30 சதவீதம் வரை இருந்த சாவு, கரைசல் குடிச்சவங்ககிட்ட 3.6 சதவீதமாச்சு.

[காட்சி: எரிமலைப் பாறை நிலம், கிவு ஏரி]

1994 ஜூலை. ருவாண்டாவிலிருந்து லட்சக்கணக்கானவங்க சில நாள்லயே அப்போ ஜயர்னு பேர் இருந்த காங்கோவோட கோமா நகரத்துக்கு வந்து சேர்ந்தாங்க. எரிமலைப் பாறை. கழிப்பறைக்குக் குழி வெட்ட முடியாது, பிணம் புதைக்கவும் முடியாது. முதல் வாரத்துல ஆளுக்கு நாளொன்னுக்குக் கிடைச்ச சுத்தமான தண்ணி 200 மில்லி, ஒரு டம்ளர். ஒரு மாசத்துல எல்லா நோயும் சேர்ந்து சுமார் 50,000 பேர் போயிட்டாங்க.

எனக்கு இதுல உறுத்துறது என்னன்னா, இந்தத் தடவை மருந்து என்னன்னு எல்லாருக்கும் தெரியும். பன்காவ்ல போதாம போன சலைன் பாட்டில்கூட இங்க இருந்துச்சு. ஆனா வந்த பல மருத்துவர்கள் அதுவரை காலராவைப் பார்த்ததே இல்ல. சலைனை மெதுவா விட்டாங்க, சில இடத்துல தப்பான திரவத்தை ஏத்தினாங்க, கரைசலைப் போதுமான அளவு கொடுக்கல.

சாவு ரொம்ப அதிகமா இருந்த ஒரு மையத்தை அப்புறம் வேற ஒரு குழு எடுத்து நடத்துச்சு. சாவு மளமளன்னு குறைஞ்சது. அவங்க வந்தது டாக்காவிலிருந்து.