நிரலின் தலையில் ஒரு பெயர்

வணக்கம். உங்கள் வீட்டுக்கும் எப்போதாவது ஒருவர் கையில் படிவத்தோடோ டேப்லெட்டோடோ வந்திருப்பார். வீட்டில் எத்தனை பேர், கிணறு சொந்தமா, போன மாதம் மீன் விற்று எவ்வளவு வந்தது என்று கேட்டிருப்பார். நீங்களும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து இருந்து பதில் சொல்லியிருப்பீர்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நிலாவெளி, குச்சவெளி, மூதூர்ப் பக்கம் இருந்தவர்களுக்கு இதைச் சொல்லவே தேவையில்லை, ஒரு குழு படலையைத் தாண்டிப் போக அடுத்த குழு வந்து நிற்கும்.

சரி, அந்தப் பதில்கள் எங்கே போகின்றன? ஒரு கம்ப்யூட்டர் அட்டவணைக்குள். ஒரு வீடு ஒரு நிரை, ஒரு கேள்வி ஒரு நிரல். ஒவ்வொரு நிரலின் தலையிலும் ஒரு சின்னப் பெயர். புள்ளிவிபரக்காரர்கள் அதை மாறியின் பெயர் என்பார்கள். இன்றைக்கு நான் கதைக்க வந்தது அந்தப் பெயரைப் பற்றித்தான்.

இது கம்ப்யூட்டர்காரரின் விஷயம், நமக்கென்ன என்று ரேடியோவைத் திருப்பிவிடாதீர்கள். நம் திருகோணமலை மாவட்டத்துக்கு இது வேறு எங்கேயும் விட முக்கியம். 1981இல் சனத்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது. 2001இல் நடந்தபோது யுத்தத்தால் திருகோணமலையில் அது முழுமையாகவில்லை. முழுதாக எண்ணப்பட்டது 2012இல்தான். குடும்ப வருமான செலவின ஆய்வு என்று அரசாங்கம் நடத்தும் பெரிய ஆய்வு ஒன்று இருக்கிறது, அதன் 2006/07 சுற்றில் வட மாகாணத்தோடு திருகோணமலை மாவட்டமும் சேர்க்கப்படவில்லை. அப்படியென்றால் அந்த வருஷங்களில் இங்கே சனம் எப்படிச் சீவித்தது என்று பிறகு ஒருவர் தேடினால், கையில் கிடைப்பது பெரும்பாலும் சின்னச் சின்ன அமைப்புகள் எடுத்த ஆய்வுக் கோப்புகள்தான். அவற்றைத் திறந்தால் வாசிக்க முடியவேண்டும், இல்லையா?

அப்படி ஒரு கோப்பு என் கைக்கு வந்தது. சுனாமிக்குப் பிறகு கரையோரக் கிணறுகளைப் பற்றி ஓர் அமைப்பு எடுத்த ஆய்வு. இரண்டு சுற்று, சில மாத இடைவெளியில். நிரல்களின் பெயர் எல்லாம் கியூ1, கியூ2, கியூ3 என்று கேள்வி இலக்கமாகவே இருந்தது. கியூ14 என்ற நிரலில் 1, 2, 9 என்று இலக்கங்கள். வினாக்கொத்துத் தாள் எங்கேயும் இல்லை, அலுவலகம் மூடி, தளபாடமெல்லாம் கொடுத்து முடித்துவிட்டார்கள். கடைசியில் அந்தக் காலத்தில் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்ட ஒரு பிள்ளையைத் தேடிப் பிடித்தேன், இப்போது அவருக்கே பெரிய பிள்ளைகள் இருக்கிறார்கள். "அக்கா, பதினாலு கிணறு இறைச்ச கேள்வி. கடல்தண்ணி வந்த பிறகு இறைச்சீங்களா எண்டு கேட்டது" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "ரெண்டாந்தரம் போகேக்க பவுசர் தண்ணியைப் பற்றி ஒரு கேள்வி இடையில போட்டவை, அப்ப இது பதினைஞ்சாப் போச்சு" என்றார்.

இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். முதல் சுற்றில் கியூ14 கிணறு இறைத்தது. இரண்டாம் சுற்றில் கியூ14 பவுசர் தண்ணீர், அதாவது தாங்கி லொறியில் கொண்டுவந்த தண்ணீர். ஒரே பெயர்தானே என்று இரண்டு கோப்புகளையும் ஒட்டினால் கம்ப்யூட்டர் ஒரு முறைப்பாடும் சொல்லாது, பேசாமல் ஒட்டித் தந்துவிடும். கரையோரக் கிணற்றை அளவுக்கு மேல் இறைத்தால் கீழே இருக்கிற உப்புத் தண்ணீர் மேலே ஏறும் என்பது கிணறு வைத்திருக்கிற உங்களுக்குத் தெரியும், சுனாமிக்குப் பிறகு நிபுணர்களும் இதைத்தான் எச்சரித்தார்கள். அப்போ எந்தக் கிணற்றை இறைத்தார்கள், எதை இறைக்கவில்லை என்பது அந்த ஆய்வின் உயிரான கேள்வி. அந்தப் பிள்ளையின் ஞாபகத்தில்தான் அது தங்கியிருந்தது. அந்த நிரலுக்குக் கிணறு இறைத்தது என்று பெயர் வைத்திருந்தால் யாரையும் தேடிப் போகத் தேவையில்லை.

இலக்கப் பெயரே கூடாது என்று நான் சொல்லவில்லை. பல நாடுகளில் நடத்தப்பட்ட மக்கள்தொகை, சுகாதார ஆய்வுத் திட்டம் ஒன்று 1984இல் தொடங்கியது. அதில் பெண்களின் கோப்பில் வீ012 என்றால் பதில் சொன்ன பெண்ணின் வயது, வீ025 என்றால் நகரமா கிராமமா. எந்த நாட்டுக் கோப்பைத் திறந்தாலும் அதேதான், விளக்கப் புத்தகமும் கூடவே இருக்கும். ஒரு நாட்டில் ஒரு கேள்வி கேட்கப்படாவிட்டால் அந்த இலக்கத்தை எடுத்து வேறு கேள்விக்குக் கொடுக்கவில்லை, அது வெறுமையாகவே இருக்கும். அந்தக் கட்டுப்பாட்டைக் காப்பாற்ற ஒரு பெரிய நிறுவனமே வேலை செய்தது. நாலு பேர் சேர்ந்து ஒரு திட்டக் காசில் செய்கிற ஆய்வில் அது நடக்காது. ஆகவே பொருளைச் சொல்கிற பெயர்தான் நமக்குச் சரி.

குட்டிப் பெயர் வைக்கிற பழக்கத்துக்கு ஒரு காரணமும் இருந்தது. எஸ்பிஎஸ்எஸ் என்ற மென்பொருளில் 2003இல் 12ஆம் பதிப்பு வரும்வரை ஒரு பெயருக்கு எட்டு எழுத்துத்தான் இடம். இப்போது 64 பைட், அதாவது ஆங்கிலத்தில் 64 எழுத்து வரை போகலாம், ஸ்டேட்டா என்ற இன்னொரு மென்பொருளில் 32 எழுத்து. தடை போய்விட்டது, பழக்கம் மட்டும் நிற்கிறது.

இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது. பால் என்று ஒரு நிரல், அதில் 1, 2. எது ஆண், எது பெண்? தாளைப் பார்த்தால்தான் தெரியும். அதையே பெண் என்று பெயர் வைத்து, ஆம் என்றால் 1, இல்லை என்றால் 0 என்று போடுங்கள். பெயரே பதிலைச் சொல்லிவிடும். அந்த நிரலின் சராசரியை எடுத்தால் நூற்றுக்கு எத்தனை பேர் பெண்கள் என்பதும் வந்துவிடும். சொந்தக் கிணறு, மின்சாரம், படகு, எல்லாவற்றுக்கும் இதே முறை. 1 எதைக் குறிக்கிறதோ அதையே பெயராக வையுங்கள். திரும்பச் சொல்கிறேன், 1 எதைக் குறிக்கிறதோ அதையே பெயராக வையுங்கள்.

முன்னொட்டும் வேண்டும். ஓர் ஊரில் மூன்று செல்வராசா இருந்தால் முன்னால் இருக்கிற தகப்பன் பெயரின் எழுத்தை வைத்துத்தானே கடிதம் கொடுக்கிறோம்? அதுபோல வயது என்று மூன்று நிரல் இருந்தால் குடும்பத் தலைவர் வயது, தாய் வயது, பிள்ளை வயது என்று முன்னால் ஒட்டவேண்டும். காலமும் அப்படித்தான். வருமானம் என்று மட்டும் எழுதினால் எந்த மாத வருமானம்? நம் கடல் வாடைக்காற்றுக் காலத்தில் ஒன்று, சித்திரைக்குப் பிறகு இன்னொன்று. தை மாதம் கேட்ட வீட்டையும் ஆடியில் கேட்ட வீட்டையும் அந்த ஒரே பெயருக்குக் கீழே வைத்தால், கரைவலைக்காரரின் கஷ்டகாலம் கணக்கில் காணாமல் போய்விடும்.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். தெரியாது என்ற பதிலுக்கு 99 போடுவதைப் பற்றி நிறையச் சொல்ல இருந்தது, இப்போதைக்கு வயது நிரலில் மட்டும் அதைப் போடாதீர்கள், 99 வயது ஆச்சிமார் நம் ஊரில் இருக்கிறார்கள். தமிழ் எழுத்திலேயே பெயர் வைக்கலாமா என்றால் வைக்கலாம், ஸ்டேட்டா 2015இல் வந்த 14ஆம் பதிப்பிலிருந்து ஏற்கிறது.

கடைசியாக ஒன்று. பழைய ஆய்வுக் கோப்பு வைத்திருப்பவர்கள், அதே கோப்பில் இரண்டாவது தாள் ஒன்றைத் திறந்து, ஒவ்வொரு நிரலுக்கும் எதிரே அன்றைக்குக் கேட்ட கேள்வியை அப்படியே எழுதிவையுங்கள். கேட்கப் போன பிள்ளைகளின் தொலைபேசி இலக்கம் இப்போதும் உங்களிடம் இருக்கும், இந்தக் கிழமையே அழையுங்கள். நன்றி, வணக்கம்.