கரிக்கை நாங்கள் பார்க்கவில்லை

(கிளிநொச்சியில் எங்கள் விளையாட்டுக் கழகத்தின் ஆண்டு விழாவில் பேசியது. ஒலிப்பதிவைக் கேட்டு எழுதி, அங்கங்கே கொஞ்சம் திருத்தியிருக்கிறேன்.)

தலைவர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் ஐயாமாரே, அம்மாமாரே, பின்னால் மதிலில் ஏறியிருக்கும் தம்பிமாரே, எல்லோருக்கும் வணக்கம். மதிலுக்குப் பெயின்ற் அடித்து இரண்டு நாள்தான் ஆகிறது என்று பொருளாளர் சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டேன்.

எனக்குத் தந்திருக்கிற தலைப்பு உங்களுக்குத் தெரியும். இங்கிலாந்தின் மன்செஸ்டர் யுனைடெட் உதைபந்தாட்டக் கழகத்தின் தலைசிறந்த நடுக்கள வீரர் யார்? கிளிநொச்சியில் இருந்துகொண்டு உங்களுக்கு ஏன் இந்தக் கவலை என்று மனைவி கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் மைதானத்து மூலைத் தேநீர்க் கடையில் இந்தச் சண்டை எத்தனையோ வருஷமாக நடக்கிறது. கடைக்காரர் லைற்றை நிப்பாட்டினாலும் இருட்டுக்குள் நின்று கதைப்பார்கள். போன மாதம் அதையே பட்டிமன்றமாக வைத்துப் பார்த்தோம். தீர்ப்பு வரவில்லை. நடுவராக இருந்தவர் போட்டிக் கழகமான ஆர்சனலின் ஆள் என்பது பாதி வழியில்தான் தெரிய வந்தது. அதனால்தான் இன்றைக்கு என்னைப் பிடித்து மேடையில் ஏற்றியிருக்கிறார்கள்.

இரண்டு பேரை முதலிலேயே கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறேன். ஒருவர் டங்கன் எட்வர்ட்ஸ். 1958 பெப்ரவரியில் மியூனிக் விமான விபத்தில் படுகாயமடைந்து, 15 நாள் போராடி, 21 வயதில் இறந்தவர். அவரைப் போல ஒருவன் இல்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். இங்கே பார்த்தவர் ஒருவரும் இல்லை. மற்றவர் பொபி சார்ல்டன். 249 கோல் அடித்தவரை நடுக்களத்தில் சேர்ப்பதா முன்களத்தில் சேர்ப்பதா என்று தொடங்கினால் விடிந்துவிடும். விட்டுவிடுவோம்.

சரி, முன்வரிசைக்கு வருகிறேன். முன்வரிசை முழுவதும் பிரையன் ரொப்சன். 1981இல் 15 இலட்சம் பவுண் கொடுத்து அவரை வாங்கினார்கள். அந்தக் காலத்தில் பிரித்தானியாவில் யாருக்கும் அவ்வளவு கொடுத்ததில்லை. ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்துப் போட்டது ஓல்ட் ட்ரஃபோர்ட் மைதானத்துப் புல்லில், ஆட்கள் பார்த்திருக்க. 1984இல் பார்சிலோனாவிடம் 2–0 என்று தோற்று ஊருக்கு வந்து, மறு ஆட்டத்தில் 3–0 என்று வென்றார்கள். எதிரணியில் மரடோனா நிற்கிறார். ரொப்சன் இரண்டு கோல். ஆட்டம் முடிய ரசிகர்கள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். எங்கள் ஐயா ஒருவர் ரொப்சனை முதன்முதல் பார்த்தது 1986 உலகக் கிண்ணத்தில், இங்கிலாந்துச் சட்டையோடு. தூரதர்ஷனிலா ரூபவாகினியிலா என்று அவருக்கே நினைவில்லை. மொரோக்கோவோடு நடந்த ஆட்டத்தில் தோள் கழன்று ரொப்சன் வெளியே போனது மட்டும் நினைவிருக்கிறது. அதைச் சொல்லும்போது ஐயா தன் தோளைப் பிடித்துக்கொள்வார். முப்பது தரமாவது பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தரமும் அதே தோள்.

பெடியள் விட மாட்டார்கள். “ரொப்சன் வந்து 1993 வரைக்கும் லீக் சாம்பியன் கிண்ணம் வரவில்லையே ஐயா” என்பார்கள். “வராததுக்கு மற்றப் பத்துப் பேரைப் போய்க் கேள்” என்பார் ஐயா. அதற்குப் பதில் என்னிடமும் இல்லை.

அடுத்தது ரோய் கீன். இது என்னுடைய வயதுக்காரரின் கட்சி. 1999 ஏப்ரலில் ஐரோப்பியக் கிண்ண அரையிறுதி. டியூரினில் இத்தாலியின் யுவன்டஸ் 11 நிமிஷத்துக்குள் இரண்டு கோல் போட்டுவிட்டது. 24ஆம் நிமிஷம் கீன் தலையால் அடித்து ஒன்றைத் திருப்பினார். ஒன்பது நிமிஷம் கழித்து சிடானை விழுத்தியதற்காக மஞ்சள் அட்டை. அந்த அட்டையோடு அடுத்த ஆட்டத்துக்குத் தடை. வென்றாலும் இறுதி ஆட்டத்தில் தான் விளையாட முடியாது என்று அந்த நிமிஷமே அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டும் மிச்ச நேரம் முழுக்க அப்படி ஓடினார். 3–2 என்று வென்றார்கள். இதெல்லாம் நாங்கள் கண்ணால் கண்டதல்ல. கொழும்புப் பேப்பர் பல நாள் பிந்தி வரும், அதில் வாசித்தது. இறுதி ஆட்டத்தை மட்டும் காதால் கேட்டோம். அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

1996இல் போரால் கிளிநொச்சியை விட்டு ஓடியவர்கள் நாங்கள். 1999இல் மல்லாவியில் ஒரு கொட்டில். கரண்ட் கிடையாது. பற்றரி தடை செய்த சாமான், கிடைத்தாலும் வாங்கக் காசு இல்லை. றேடியோ கேட்க இருந்த வழி சைக்கிள் டைனமோ. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்ற வேண்டும். ஒரே வேகத்தில் சுற்ற வேண்டும். வேகம் குறைந்தால் வர்ணனை கிணற்றுக்குள் இறங்கும், கூடினால் கரகரக்கும். எங்களில் நன்றாகச் சுற்றத் தெரிந்தவன் ஒருவன்தான். அப்போது அவனுக்குப் பதினேழு வயது. இப்போது மூன்றாம் வரிசையில் வெள்ளைச் சேட்டோடு இருக்கிறார். பெயர் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார்.

நேரத்திலும் ஒரு குழப்பம். கொழும்பு 1996இல் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளிவிட்டது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த எங்கள் பக்கம் பழைய நேரம்தான். பார்சிலோனாவில் ஆட்டம் தொடங்கியபோது கொழும்பில் நள்ளிரவு கழிந்து 12.45, எங்களுக்கு 12.15. ஆறாம் நிமிஷம் பயர்ன் மியூனிக் கோல் போட்டது. கீனும் இல்லை, இன்னொரு நடுக்கள வீரர் ஸ்கோல்ஸும் இல்லை, இரண்டு பேருக்கும் தடை. நடுக்களத்தில் டேவிட் பெக்கமும் நிக்கி பட்டும். வர்ணனை ஆங்கிலம். நான் அரைகுறையாக விளங்கி மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நான் சொன்னது ஒன்றுதான்: “இன்னும் இல்லை.” தொண்ணூறாம் நிமிஷம் வந்தது. “இனிச் சுத்தி என்ன” என்று சொல்லிவிட்டு அவன் பெடலை விட்டான். சில்லு மெல்ல மெல்ல நின்றது. குரலும் அதோடு போனது. தவளைச் சத்தம் மட்டும். ஆரோ ஒருவர், முடிவையாவது கேட்டுவிட்டுப் படுப்போமே என்றார். அவன் முறைத்துக்கொண்டு திரும்பச் சுற்றினான். சத்தம் வந்தது, ஆனால் பேச்சு இல்லை, ஒரே கூச்சல். கோல்! சமநிலை என்று நாங்கள் துள்ளினோம். மேலதிக நேரம் இருக்கு, கையை மாற்றிச் சுத்து என்று அவனைத் தட்டிக் கொடுத்தோம். கிண்ணத்தைப் பற்றி வர்ணனையாளர் பேசத் தொடங்கிய பிறகுதான் விளங்கியது. நாங்கள் கேட்டது சோல்ஷா அடித்த இரண்டாம் கோல். ஷெரிங்ஹாம் அடித்த முதல் கோல், சில்லு நின்றிருந்த நேரத்தில் போய்விட்டது. அதற்காக அவனை எத்தனை வருஷம் ஏசியிருப்போம்!

கீன் கட்சிக்காரருக்கு ஒரு கேள்வி. கீன் இல்லாமலே அந்தக் கிண்ணம் வந்ததே? இதைக் கேட்டால் கடையில் தேநீர் கிடைக்காது. மேடையில் நின்று கேட்டுவிடுகிறேன்.

பிறகு 2002இல், போர் ஓய்ந்திருந்த நேரம், எங்கள் ஊரூடாக யாழ்ப்பாணம் போகிற ஏ9 பாதை திறந்தது. டிஷ் வந்தது, ஜெனரேட்டர் வந்தது. அந்தக் காலத்துப் பெடியளின் ஆள் யார் என்றால், போல் ஸ்கோல்ஸ். கண்ணால் பார்த்தார்கள் அல்லவா, அவர்களோடு வாதாடுவது கஷ்டம். ஆஸ்துமாக்காரர், உயரம் இல்லை, வேகம் இல்லை, ஆனால் அறுபது யார் தூரத்தில் நிற்கிறவரின் காலடியில் பந்தை வைப்பார். 718 ஆட்டம், 155 கோல், 11 லீக் சாம்பியன் கிண்ணம். ஓய்வு பெற்று, பிறகு மனம் மாறி 2012 ஜனவரியில் திரும்பி வந்து இன்னொரு கிண்ணமும் எடுத்தவர். பந்தைப் பறிக்கப் போனால் எதிராளியின் காலை எடுத்துவிடுவார், அது ஒன்றுதான் குறை. இந்த ஊரில் வாக்கெடுப்பு வைத்தால் அவர்தான் வெல்வார். எனக்கும் தெரியும். மதிலில் இருக்கிற தம்பிமாருக்கு புரூனோ ஃபெர்னாண்டஸ். அவர் இன்னும் விளையாடிக்கொண்டிருக்கிறார், தீர்ப்புக்கு அவசரம் இல்லை.

இத்தனை வருஷச் சண்டையில், போன மாதப் பட்டிமன்றத்திலும்கூட, ஒரு பெயர் ஒருவர் வாயிலும் வரவில்லை. மைக்கல் கரிக்.

2006 ஜூலை 31ஆம் திகதி அவர் டொட்டன்ஹாமிலிருந்து வந்து சேர்ந்தார். ஆகஸ்ட் 11ஆம் திகதி, திரும்பவும் போர் வந்து, முகமாலையில் அந்த ஏ9 பாதை மூடப்பட்டது. இடையில் 11 நாள். கீன் போட்ட 16ஆம் இலக்கச் சட்டையை அவருக்குக் கொடுத்தார்கள். 2003க்குப் பிறகு லீக் சாம்பியன் கிண்ணத்தைக் காணாத கழகம், அவர் வந்த பிறகு அடுத்தடுத்து மூன்று வருஷமும் எடுத்தது. 2008இல் மொஸ்கோவில் ஐரோப்பியக் கிண்ணம். பெனால்டி உதைகளில் கரிக்கும் ஒன்றை உள்ளே அடித்தார். அந்த மூன்று வருஷத்தில் எங்களுக்கு முதலில் ஜெனரேட்டருக்கு எண்ணெய் இல்லாமல் போனது. பிறகு ஜெனரேட்டர் இல்லாமல் போனது. பிறகு வீடு.

2009 மே 27, ரோமில் ஐரோப்பியக் கிண்ண இறுதி ஆட்டம். பார்சிலோனாவிடம் 2–0 தோல்வி. நாங்கள் மெனிக்பாம் அகதி முகாமில், தண்ணீர் பவுசருக்கு வரிசையில் நின்றோம். யார் வென்றது என்று ஒருவரும் கேட்கவில்லை. அப்படி ஓர் ஆட்டம் நடந்தது என்றே எனக்குப் பல மாதம் கழித்துத்தான் தெரியும்.

அந்த ஆட்டத்தின் முதல் கோலுக்குத் தானே காரணம் என்று நினைத்து, இரண்டு வருஷம் மனம் விழுந்து கிடந்ததாகக் கரிக் பின்னாளில் சொன்னார். அதை முதன்முதல் வாசித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு ஆட்டம் தோற்றதற்கு இரண்டு வருஷமா? பிறகு கோபம் போய்விட்டது. ஏன் போனது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் அவருடைய பழைய ஆட்டங்களை போனில் தேடிப் பார்க்கத் தொடங்கினேன். இரவு நுளம்பு வலைக்குள் இருந்து, ஒவ்வொன்றாக.

முதல் நாலைந்து ஆட்டத்தில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பந்து வருகிறது, கொடுக்கிறார். வருகிறது, கொடுக்கிறார். இதுக்கா இவ்வளவு காசு என்று நினைத்தேன். பிறகு மகன் சொன்னான், “அப்பா, பந்தைப் பார்க்காதேங்கோ. அவற்ர கழுத்தைப் பாருங்கோ.” பார்த்தேன். பந்து தன்னிடம் வருவதற்கு முன் வலத்தோளுக்கு மேலால் ஒரு பார்வை, இடத்தோளுக்கு மேலால் ஒரு பார்வை. பந்து காலுக்கு வரும்போது போக வேண்டிய இடம் முடிவாகிவிட்டது. எதிரணிக்காரன் பந்து கொடுக்கப்போகிற வழியில் இரண்டு எட்டு முன்னாலேயே போய் நிற்கிறார். சறுக்கி விழுந்து பறிக்க வேண்டிய தேவையே இல்லை. சட்டையில் சேறு இல்லை. சேறு இல்லாதவனை நாங்கள் ஆட்டக்காரன் என்று மதிப்பதில்லை, அதுவும் ஒரு பிரச்சினைதான்.

இங்கே இரணைமடுத் தண்ணீரில் வயல் செய்கிறவர்கள் கனபேர் இருக்கிறீர்கள். இரவு மண்வெட்டியோடு போய் மடை மாறுகிறவரைப் பகலில் யார் கண்டது? காலையில் போய்ப் பார்த்தால் எல்லாருடைய வயலிலும் தண்ணீர் அளவாக நிற்கும். ஒருநாள் அவர் வராவிட்டால் கீழ்வயல்காரன் சத்தம் போட்டுக்கொண்டு வருவான். கரிக் அந்த வேலைக்காரர். 464 ஆட்டத்தில் 24 கோல்தான். கோலை எண்ணினால் அவர் கணக்கில் வரவே மாட்டார்.

ஸ்கோல்ஸ் பக்கத்தில் நின்றதால்தானே கரிக் என்று அங்கே ஒரு தம்பி கேட்கிறார். நல்லது. 2007 ஏப்ரலில் இத்தாலியின் ரோமா கழகத்தோடு ஐரோப்பியக் கிண்ணத்தில் இரண்டு ஆட்டம். முதல் ஆட்டம் ரோமில், ஸ்கோல்ஸுக்குச் சிவப்பு அட்டை, 2–1 தோல்வி. மறு ஆட்டத்துக்கு ஸ்கோல்ஸ் இல்லை. நடுவில் கரிக்கும் டரன் ஃபிளெச்சரும். என்ன முடிவு? 7–1. அதில் கரிக்குக்கு இரண்டு கோல். அடிக்கத் தெரியாமல் அடிக்காமல் விட்டவர் அல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆக, என் தீர்ப்பு கரிக். கத்துங்கள், பரவாயில்லை. இதில் பாதி பிடிவாதம் என்று எனக்கே தெரியும். எங்கள் கண்ணுக்குத் தப்பிய வருஷங்களில் விளையாடியவருக்கு ஒரு வாக்காவது விழட்டும் என்ற ஆசையும் அதில் இருக்கிறது. ஐயா, கோபிக்க வேண்டாம், உங்கள் ரொப்சனின் தோளுக்கு நான் எதிரியில்லை.

அந்த ரோமா ஆட்டத்தைத்தான் இப்போது திரையில் போடப் போகிறோம். கோல்கள் வரும்போது கை தட்டலாம், ஆனால் 16ஆம் இலக்கத்தின் கழுத்தை விட்டுக் கண்ணை எடுக்க வேண்டாம். தம்பி, அந்த லைற்றை நிப்பாட்டும். கரண்ட் நின்றாலும் ஒருவரும் எழும்ப வேண்டாம். வாசலில் என்னுடைய சைக்கிள் நிற்கிறது, டைனமோ பூட்டித்தான் இருக்கிறது. மூன்றாம் வரிசை வெள்ளைச் சேட்டுக்காரர் இந்தமுறை கடைசி நிமிஷம் வரைக்கும் சுற்றுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.