வரன் தேடும் பயோடேட்டா, வேலை தேடும் பயோடேட்டா

நேயர்களுக்கு வணக்கம்.

நம் ஊரில் பயோடேட்டா என்கிற தாள் இரண்டு காரியங்களுக்கு உதவுகிறது. ஒன்று கல்யாணம், இன்னொன்று வேலை. தரகர் கையில் கொடுப்பதும் பயோடேட்டாதான், கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியிடம் நீட்டுவதும் பயோடேட்டாதான். இப்போது படித்தவர்கள் ரெஸ்யூம் என்கிறார்கள். பெயர் மாறினாலும் தாள் அவ்வளவாக மாறவில்லை.

கோயம்புத்தூரில் பம்பும் மோட்டாரும் செய்கிற ஒரு தொழிற்சாலையில் ஆள் எடுக்கும் பிரிவில் 26 வருடம் இருந்தேன். என் மேஜைக்கு வந்த தாள்களில் ரொம்பப் பல, வரன் தேடுகிற தாள் மாதிரியேதான் இருக்கும். அப்பா பெயர், அப்பா என்ன செய்கிறார், பிறந்த தேதி, மதம், சாதி, திருமணம் ஆனவரா, உயரம், எடை. அதிலேயே முக்கால் பக்கம் தீர்ந்துவிடும். ஒரு தம்பி நட்சத்திரமும் ராசியும்கூட எழுதியிருந்தார். வீட்டில் இருந்த இன்னொரு தாளை அவசரத்தில் எடுத்து வந்துவிட்டாரோ என்று எனக்குச் சந்தேகம். கேட்கவில்லை.

கல்யாணத்துக்குப் பார்க்கிறவர்கள், இது யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்பார்கள். அது அவர்களுக்குத் தெரிய வேண்டும். வேலைக்கு எடுக்கிறவருக்கு வேண்டியது வேறு. இந்த ஆளைக் கொண்டுபோய் அந்த மெஷினில் நிறுத்தினால் ஓட்டுவாரா? இந்தக் கணக்கைக் கொடுத்தால் முடிப்பாரா? அவ்வளவுதான் அவர் கேள்வி. நீங்கள் யார் என்பதை எழுதுகிற தாளில் இதற்குப் பதில் இருக்காது. நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதை எழுதினால்தான் இருக்கும்.

ஒரு தாளை நாங்கள் எப்படிப் படிப்போம் என்று சொல்கிறேன். காலையில் மெஷின் ஷாப் சூப்பர்வைசர் போன் பண்ணுவார். "சார், ரெண்டு பேர் வேணும், சி.என்.சி. செட்டிங் தெரியணும், நாளைக்கே வந்தா நல்லது." சி.என்.சி. என்பது கம்ப்யூட்டர் கட்டளைப்படி ஓடுகிற மெஷின், செட்டிங் என்பது ஓட்டுவதற்கு முன் அதைத் தயார் செய்வது. நான் பயோடேட்டாக் கட்டை எடுத்து வைத்துக்கொண்டு தள்ளுவேன். படிப்பேன் என்று சொல்லவில்லை, தள்ளுவேன். கண் தேடுவது 'செட்டிங்' என்கிற சொல்லை. மேல் பாதியில் கிடைத்தால் தாள் இந்தப் பக்கம், கிடைக்காவிட்டால் அந்தப் பக்கம். இதில் நியாயம் இருக்கிறதா என்றால், இல்லைதான். ஆனால் அப்படித்தான் நடக்கிறது.

அப்படி அந்தப் பக்கம் போன ஒரு தாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்த பையன். அனுபவம் என்கிற இடத்தில் ஒரே வரி: 'சி.என்.சி. டிபார்ட்மென்டில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன்.' அதற்குக் கீழே நாலு வரிக்கு ஹார்ட் ஒர்க்கிங், டீம் பிளேயர், பாசிட்டிவ் ஆட்டிட்யூட். பையன் நேரில் வந்து காத்திருந்ததால் கூப்பிட்டுப் பேசினேன்.

"என்ன மெஷின் தம்பி?"

"டர்னிங் சென்டருங்க சார். ரெண்டு மெஷின் பார்ப்பேன்."

"கண்ட்ரோல்?"

"ஃபனுக்."

"லோடிங், அன்லோடிங் மட்டுமா?"

"இல்லைங்க சார், செட்டிங்கும் நான்தான். டூல் ஆஃப்செட் போடுவேன். முதல் பீஸ் ஓட்டி, குவாலிட்டியில காட்டி ஓகே வாங்கிட்டுத்தான் அடுத்ததே."

"என்ன பார்ட்?"

"பம்பு ஷாஃப்ட்டுங்க. பேரிங் உட்காருற இடத்துல 20 மைக்ரான்தான் விடுவாங்க."

ஃபனுக் என்பது மெஷினை இயக்குகிற கம்ப்யூட்டரின் கம்பெனிப் பெயர், டூல் ஆஃப்செட் என்பது வெட்டுகிற கருவியின் அளவை மெஷினுக்குச் சொல்வது, மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. எனக்கு வேண்டியது எல்லாம் அந்தப் பையன் வாயில் இருந்தது, தாளில் ஒன்றுமே இல்லை. அவனிடமே ஒரு பேனாவைக் கொடுத்து, இப்போது சொன்னதை அப்படியே எழுது என்றேன். 'ஃபனுக் கண்ட்ரோல் டர்னிங் சென்டர், இரண்டு மெஷின். செட்டிங், டூல் ஆஃப்செட், முதல் பீஸ் ஒப்புதல். பம்பு ஷாஃப்ட், 20 மைக்ரான் டாலரன்ஸ். மைக்ரோமீட்டர், டயல் கேஜ் பயன்படுத்தத் தெரியும்.' நாலு வரிதான். ஹார்ட் ஒர்க்கிங் என்கிற நாலு வரியை அடித்துவிட்டால் அதற்கு இடமும் கிடைத்துவிடும். கடினமாக உழைப்பேன் என்று எல்லாரும்தான் எழுதுகிறார்கள். சோம்பேறி என்று எழுதியவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. 20 மைக்ரான் என்று எழுதுவதற்கு மட்டும் அந்த மெஷினில் நின்றிருக்க வேண்டும்.

இன்னொன்று சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் ஒரு அம்மணி. வயது நாற்பதை ஒட்டி. பக்கத்தில் ஒரு மில்லில் அலுவலக உதவியாளர், கணக்கு தெரிந்தவர் தேவை என்று போர்டு வைத்திருந்தார்கள். மகனை விட்டு நெட் சென்டரில் ஒரு தாள் அடித்து வாங்கி, என்னிடம் காட்ட வந்தார். பிளஸ் டூ, இல்லத்தரசி, அனுபவம் இல்லை. அவ்வளவுதான் தாள். "எனக்கென்னங்க அனுபவம் இருக்குது, வூட்டுல தானுங்க இருந்தேன்" என்றார்.

அவர் எங்கள் பகுதி மகளிர் சுய உதவிக் குழுவில் ஒன்பது வருடமாக ஊக்குநர். ஊக்குநர் வேலை என்னவென்று குழுவில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். வாரக் கூட்டத்துக்கு வருகைப் பதிவு, தீர்மான நோட்டு, ரொக்கப் புத்தகம், ஒவ்வொரு உறுப்பினருக்கும் சேமிப்புக் கணக்கு, கடன் கணக்கு. வங்கிக்குப் போய் மேனேஜரிடம் நின்று கடன் வாங்கி, பிரித்துக் கொடுத்து, தவணை தவறாமல் வசூலித்துக் கட்ட வேண்டும். ஆடிட் வந்தால் நோட்டை விரித்துக் காட்ட வேண்டும். ஒரு தவணை தள்ளிப்போனால் அந்த உறுப்பினர் வீட்டு வாசலில் போய் நின்று, சண்டையும் வராமல், பணமும் வருகிற மாதிரி பேச வேண்டும். எம்.பி.ஏ. படித்தவர்களில் எத்தனை பேருக்கு இது வரும்?

இதையெல்லாம் 'சுய உதவிக் குழு ஊக்குநர், 9 ஆண்டுகள்' என்று தலைப்புப் போட்டு, உறுப்பினர் எத்தனை பேர், வாங்கிக் கட்டிய கடன் எவ்வளவு, கையால் எழுதிய பதிவேடுகள் என்னென்ன என்று ஐந்து வரியில் எழுதினோம். 'இல்லத்தரசி' என்கிற வரியை அவரே பேனாவால் அடித்தார். அந்த மில்லில் வேலை கிடைக்கவில்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அதே தாளை எடுத்துக்கொண்டு மூன்றாவது இடத்துக்குப் போனார், அங்கே ஸ்டோரில் எடுத்துக்கொண்டார்கள்.

இப்போது படிப்பு முடித்து வெளியே வருகிற பிள்ளைகள் கேட்பார்கள், நாங்கள் இன்னும் ஒன்றுமே செய்யவில்லையே, எதை எழுதுவது என்று. செய்திருப்பீர்கள். இன்பிளாண்ட் டிரெய்னிங் போனீர்களே, அங்கே என்ன பார்த்தீர்கள், எதைத் தொட்டீர்கள்? அப்ரண்டிஸாக ஒரு வருடம் இருந்தால் அது அனுபவம்தான், அதற்குச் சான்றிதழும் உண்டு, தயங்காமல் மேலே எழுதுங்கள். லீவில் மாமா கடையில் பில் போட்டதும் வேலைதான். கடைசி வருட ப்ராஜெக்ட்டை எழுதலாம், ஆனால் நீங்கள் செய்ததாக இருந்தால் மட்டும். காசு கொடுத்து ப்ராஜெக்ட் சென்டரில் வாங்கியதை எழுதாதீர்கள். நேர்காணலில் முதல் கேள்வியே அதில்தான் வரும், இரண்டாவது கேள்விக்குள் முகம் வெளுத்துவிடும்.

'ஆப்ஜெக்டிவ்' என்று மேலே நாலு வரி போடுகிறார்களே, அதைப் பற்றியும் ஒரு வார்த்தை. சவாலான சூழலில் பணிபுரிந்து நிறுவனத்தின் வளர்ச்சிக்கும் என் வளர்ச்சிக்கும் என்று போகும். ஒரே கல்லூரியிலிருந்து வந்த ஒரு கட்டில் எல்லாத் தாளிலும் அதே நாலு வரி, அதே எழுத்துப்பிழை. சீனியர் ஒருவர் எப்போதோ அடித்த ஃபைல் கைமாறிக் கைமாறி வந்திருக்கிறது. அந்த இடத்தில், எந்த வேலைக்கு வந்திருக்கிறீர்கள், அதற்கு ஒத்ததாக என்ன செய்திருக்கிறீர்கள் என்று இரண்டு வரி போதும். வேலைக்கு வேலை அந்த இரண்டு வரி மாற வேண்டும். ஒரே தாளை ஐம்பது ஜெராக்ஸ் எடுத்து ஐம்பது கேட்டில் கொடுத்த காலம் போய்விட்டது.

பொய் எழுதலாமா என்று யாரும் நேராகக் கேட்க மாட்டார்கள், "கொஞ்சம் கூட்டிப் போடலாமா சார்" என்றுதான் கேட்பார்கள். எட்டு மாத வேலையை ஒன்றரை வருடம் ஆக்குவது, மூன்று மாதத்தில் விட்டுவந்த இடத்தை மறைப்பது. முன்பு ஓடியிருக்கும். 2014 முதல் பி.எஃப். கணக்குக்கு யு.ஏ.என். என்று 12 இலக்க எண் இருக்கிறது. கம்பெனி மாறினாலும் எண் மாறாது. எங்கே எந்தத் தேதியில் சேர்ந்தீர்கள், எந்தத் தேதியில் விலகினீர்கள் என்பது அதில் வரிசையாக நிற்கும். சேர்ந்த பிறகு மாட்டிக்கொள்வதைவிட, அப்பாவுக்கு உடம்பு சரியில்லாததால் இரண்டு வருடம் வேலைக்குப் போகவில்லை என்று ஒரு வரி எழுதிவிடலாம். அரியர் இருந்தாலும் அப்படித்தான். அந்த ஒரு வரியை வைத்து நான் யாரையும் திருப்பி அனுப்பியதில்லை.

சரி, தாளின் தோற்றத்துக்கு வருவோம். புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு பக்கம், பத்து வருடம் பார்த்தவர்களுக்கு இரண்டு பக்கம், அதற்கு மேல் வேண்டாம். இப்போது பெரிய கம்பெனிகளில் தாளை முதலில் படிப்பது ஆள் இல்லை, கம்ப்யூட்டர். இரண்டு பத்தியாகப் பிரித்து, கட்டம் கட்டி, 'தமிழ் ஐந்து நட்சத்திரம், எக்செல் நாலு நட்சத்திரம்' என்று கலர் போட்டு வருகிற டிசைன்கள் கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கும். கம்ப்யூட்டர் அதை இடமும் வலமுமாகக் கலந்து படித்துக் குழப்பிவிடும். பி.டி.எஃப். ஃபைலைத் திறந்து, எழுத்து முழுவதையும் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். வரிசை மாறாமல் வந்தால் சரி. எதுவுமே ஒட்டவில்லை என்றால் அது எழுத்து இல்லை, படம். ஆதார் எண், பான் எண், வங்கிக் கணக்கு எதையும் இந்தத் தாளில் எழுத வேண்டாம். பதிவுக் கட்டணம் கட்டச் சொல்லும் வேலைக்குப் பதிலே போட வேண்டாம்.

பெயர் விஷயத்தில் நமக்கென்று ஒரு தொல்லை உண்டு. இணையத்தில் விண்ணப்பித்தால் ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம் என்று இரண்டு கட்டம் வரும். நமக்கு இருப்பது பெயரும் இனிஷியலும். ஒரு முறை நேர்காணல் நாளில் "பழனிசாமி, பழனிசாமி" என்று எங்கள் உதவியாளர் மூன்று தடவை கூப்பிட்டார், யாரும் எழுந்திருக்கவில்லை. பத்து நிமிடம் கழித்து மூலையில் இருந்த பையன், "சார், பழனிசாமி எங்கப்பா பேருங்க" என்றான். முதல் கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டிருக்கிறான். உங்கள் பெயர் முதல் கட்டத்தில், இனிஷியலின் விரிவு இரண்டாவதில். தாளின் தலைப்பில் மட்டும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுத்து மாறாமல் போடுங்கள், பின்னால் அதைத்தான் ஒத்துப் பார்ப்பார்கள்.

அரசு வேலைக்கு இந்தத் தாள் தேவைப்படாது, டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்கு விண்ணப்பப் படிவம்தான். தனியார் வேலைக்கு மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களிலும் முகாம் நடத்துகிறார்கள். அங்கே போகிறவர்கள் தாளில் நாலைந்து பிரதி கொண்டு போங்கள்.

கடைசியாக, நான் கோட்டை விட்ட ஒரு கதை. 1994-ல் நான் முதல் முதலாக அடித்த பயோடேட்டா, ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் பக்கத்துக்கு மூன்று ரூபாய் கொடுத்து அடித்தது. வீட்டில் போன் கிடையாது. அந்தக் காலத்து வழக்கப்படி தெருமுனை மளிகைக் கடை நம்பரைப் போட்டு, பக்கத்தில் பி.பி. என்று எழுதினேன். இது வேறொருவர் போன், கூப்பிட்டால் எனக்குச் சொல்லிவிடுவார்கள் என்று அதற்கு அர்த்தம். ஒரு கம்பெனியிலிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள், திங்கட்கிழமை வரச் சொல்லி. கடையில் கூட்டம். அண்ணாச்சி பருப்பு கட்டுகிற தாளில் குறித்து வைத்திருக்கிறார், அந்தத் தாளிலேயே யாருக்கோ கால் கிலோ துவரம் பருப்பு கட்டிக் கொடுத்தும்விட்டார். எனக்குத் தெரிந்தது புதன்கிழமை.

இப்போது எல்லார் கையிலும் போன் இருக்கிறது, ஆனால் நான் தேர்வு செய்து கூப்பிட்டவர்களில் பலரை என்னால் பிடிக்க முடிந்ததில்லை. ஆஃபருக்காக சிம் மாற்றியிருப்பார்கள், தாளில் பழைய நம்பர் இருக்கும். ஈமெயில் ஐ.டி. நெட் சென்டர்காரர் உருவாக்கியதாக இருக்கும், பாஸ்வேர்டு அவருக்குத்தான் தெரியும். இந்த உரை முடிந்ததும், உங்கள் தாளைக் கையில் எடுத்து, அதில் இருக்கிற நம்பருக்கு வீட்டில் வேறொருவர் போனிலிருந்து ஒரு ரிங் விட்டுப் பாருங்கள்.

வணக்கம்.