வைவாவில் தெரியாதது வார்டில் தெரியும்

பேராசிரியர்களுக்கும் உதவிப் பேராசிரியர்களுக்கும் வணக்கம்.

வைவா என்ற வாய்மொழித் தேர்வில் ஒரு மாணவர் இதயத்தின் மர்மரை (இதயத் துடிப்போடு கூடுதலாகக் கேட்கும் இரைச்சலை) சரியாகக் கண்டுபிடித்தால் மதிப்பெண் போடுகிறோம். நோயாளியான அந்த அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் சேலையை விலக்கினாரா, திரையை இழுத்துவிட்டாரா என்று எத்தனை பேர் பார்க்கிறோம்?

2019இல் புதிய எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தோடு ஏட்காம் (AETCOM) என்ற பாடப்பகுதி வந்தது. மனப்பான்மை, அறநெறி, நோயாளியிடம் பேசும் முறை மூன்றும் பாடமாகிவிட்டன. நல்லதுதான். ஆனால் "நோயாளியின் ஒப்புதல் ஏன் தேவை?" என்று கேட்டால் எந்த மாணவரும் அழகாக எழுதிவிடுவார். நடத்தையைத் தாளில் அளக்க முடியாது.

அமெரிக்காவில் 2005இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. மருத்துவ வாரியங்களின் ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளான 235 மருத்துவர்களின் கல்லூரிக் காலக் கோப்புகளைப் புரட்டினார்கள். சுமார் 39 சதவீதம் பேரின் தவறான நடத்தை பற்றி அப்போதே குறிப்பு இருந்தது. அதில் மிக வலுவாகத் தெரிந்தது பொறுப்பின்மை: வார்டுக்கு ஒழுங்காக வராதது, ஒப்படைத்த வேலையை முடிக்காதது. நாம் "சின்னப் பையன், போகட்டும்" என்று விடுகிற அதே விஷயங்கள்!

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எந்த நடவடிக்கைக்கும் உள்ளாகாத மருத்துவர்களிலும் 19 சதவீதம் பேருக்கு அப்படிக் குறிப்பு இருந்தது. ஆகவே ஒரு தவறை வைத்து யாருக்கும் முத்திரை குத்தக் கூடாது. திரும்பத் திரும்ப நடக்கிறதா, சொன்ன பிறகு மாறுகிறாரா என்பதுதான் முக்கியம். அதற்குக் குறிப்பு வேண்டும். "மாணவர் நல்லவர்" என்பது குறிப்பு ஆகாது. "ஆறாம் படுக்கைக்கு பிபி பார்க்காமலேயே கேஸ் ஷீட்டில் 120/80 எழுதினார், கேட்டதும் ஒப்புக்கொண்டு, போய்ப் பார்த்து எழுதினார்" என்பதுதான் குறிப்பு. இதில் தவறும் இருக்கிறது, திருத்தமும் இருக்கிறது.

சரி, யார் எழுதுவது? ரவுண்ட்ஸில் நம் முன்னால் எல்லோரும் பணிவாகத்தான் நிற்பார்கள். இரவு இரண்டு மணிக்கு அவர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்பது ஸ்டாஃப் நர்ஸுக்குத் தெரியும், நோயாளிக்குத் துணை இருப்பவருக்குத் தெரியும். அவர்களைக் கேட்காத மதிப்பீடு அரைகுறைதான் என்பது என் உறுதியான கருத்து.

அப்புறம் நம்மைப் பற்றி. ஒன்பது மணி ரவுண்ட்ஸுக்குப் பத்தரைக்கு வந்து, நோயாளியைப் பெயர் சொல்லாமல் "அந்த லிவர் கேஸ்" என்று நாமே பேசினால், மாணவர் கற்றுக்கொள்வது அதைத்தான். மாணவர்களும் நம்மைப் பற்றி எழுதட்டும், பெயர் போடாமல். இந்தப் பருவத்திலேயே ஒரு யூனிட்டில் தொடங்கலாம். என் யூனிட்டைத் தருகிறேன்.