பாம்பெர்க்கில் பேசியவர்கள்

எல்லாருக்கும் வணக்கம். தலைப்பை அறிவித்ததுமே பின்வரிசையில் சிலர் நெளிந்ததைப் பார்த்தேன். சரி, நெளியலாம். 'கல்யாணம் வரைக்கும் உடலுறவுக்குக் காத்திரு' என்று வளரும் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே பாடம் நடத்தலாமா என்று அமெரிக்காவில் நாற்பது வருடத்துக்கும் மேலாகச் சண்டை நடக்கிறது.

1996-இல் வந்த நலத்திட்டச் சட்டம் இந்தப் பாடத்துக்கென்றே ஆண்டுக்கு 5 கோடி டாலர் ஒதுக்கியது. பலன்? 2007-இல் வந்த அரசு மதிப்பீடு நான்கு திட்டங்களை எடுத்து, இரண்டாயிரம் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்தது. பாடம் படித்தவர்களில் பாதிப் பேர் காத்திருந்தார்கள். படிக்காதவர்களிலும் பாதிப் பேர்!

'கல்யாணம் வரைக்கும் காத்திருப்பேன்' என்று பிள்ளைகள் கையெழுத்துப் போட்ட உறுதிமொழி அட்டைகளின் கதை இதைவிட வேடிக்கையானது. 1994-இல் வாஷிங்டன் புல்வெளியில் இரண்டு லட்சம் அட்டைகளுக்கு மேல் நட்டுவைத்தார்கள். பின்னால் பியர்மன், ப்ரூக்னர் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் ஆராய்ந்தபோது, உறுதிமொழி எடுத்த பிள்ளைகளில் பலர் நிஜமாகவே தள்ளிப்போட்டது தெரிந்தது. ஆனால் பள்ளியில் கொஞ்சம் பேர் எடுத்திருந்தால்தான் அது வேலை செய்தது. எல்லாரும் எடுத்துவிட்டால் அதில் என்ன பெருமை? பதினைந்து வயதுப் பிள்ளையை வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நான் சொல்ல வந்தது பாம்பெர்க் பற்றி. தென் கரோலினா மாநிலத்தில் ஏழ்மையான ஒரு கிராமப்புற மாவட்டம். 1982 வாக்கில் அதன் மேற்குப் பகுதியில் ஒரு முயற்சி தொடங்கியது. முதல் குறிக்கோள், பிள்ளைகள் உடலுறவைத் தள்ளிப்போட வேண்டும் என்பதுதான். ஆனால் வேலையைப் பிள்ளைகளிடம் தொடங்கவில்லை, பெரியவர்களிடம் தொடங்கினார்கள். ஆசிரியர்கள் பல்கலைக்கழக வகுப்புக்குப் போனார்கள். பெற்றோரும் போதகர்களும் பயிற்சி எடுத்தார்கள். உள்ளூர்ப் பத்திரிகையும் வானொலியும் இதையே பேசின. தேவாலயத்தில் கேட்டதை வகுப்பிலும் கேட்டான் பையன். வீட்டுக்கு வந்தால் அம்மாவும் அதையே சொன்னாள். சில வருடங்களில் பதின்வயதுக் கர்ப்பங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன.

'பார்த்தீர்களா, ஊர் சேர்ந்தால் போதும்' என்று பலர் கொண்டாடினார்கள். நானும் முதலில் அப்படித்தான் படித்தேன். 1994-இல் வேறு ஆய்வாளர்கள் கணக்கைத் திரும்பத் தோண்டினார்கள். அங்கே பள்ளி நர்ஸ் ஒருவர் இருந்திருக்கிறார். காத்திருக்க முடியாத பிள்ளைகளுடன் தனியே பேசுவார், பையன்களுக்கு ஆணுறை கொடுப்பார், பெண்களைக் குடும்பக்கட்டுப்பாட்டு மையத்துக்குத் தானே கூட்டிப்போவார். ஊர் அதைக் கண்டும் காணாமல் இருந்தது. அந்தச் சகிப்பையும் நான் ஊரின் ஆதரவில்தான் சேர்ப்பேன். சட்டசபைக்கு அது பொறுக்கவில்லை. பள்ளி வளாகத்தில் கருத்தடைச் சாதனம் கொடுக்கக் கூடாதென்று மாநிலச் சட்டம் வந்தது. நர்ஸ் வேலையை விட்டார். ஊர்ப் பெரியவர்களின் முதல் வேகமும் அதற்குள் தணிந்திருந்தது. 1987, 88-க்குள் கர்ப்பக் கணக்கு பழைய அளவை நெருங்கிவிட்டது.