ஸ்டார் கவுன்டி: சதவீதத்தை ஓரம் வைங்க, ஓட்டை எண்ணுங்க

வணக்கம் மக்களே. இன்னைக்கு அமெரிக்காவுல ஒரே ஒரு கவுன்டிதான் (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி). டெக்சாஸோட தெற்கு ஓரம், ரியோ கிராண்டே ஆத்தங்கரை, அக்கரையில மெக்சிகோ. பேரு ஸ்டார் கவுன்டி. 2020 கணக்கெடுப்புல 66,000க்குக் கொஞ்சம் கம்மியான சனம், நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு பேருக்கு மேல ஹிஸ்பானிக், அதாவது ஸ்பானிஷ் மொழி வம்சாவளி. 1892ல ஹாரிசன் இங்க ஜெயிச்சதுக்கு அப்புறம் 2024 வரைக்கும் குடியரசுக் கட்சி அதிபர் வேட்பாளர் யாருமே ஜெயிச்சதில்ல. நிக்சன் 1972லயும் ரீகன் 1984லயும் நாட்டையே வாரிக்கிட்டுப் போனப்பக்கூட ஸ்டார் அசையல. 2024ல அசைஞ்சிருச்சு, டிரம்ப் ஜெயிச்சாரு.

டிரம்புக்கு 2016ல 19 சதவீதம், 2020ல 47, 2024ல கிட்டத்தட்ட 58. இத மட்டும் பாத்துட்டு "ஜனநாயகக் கட்சிக்காரங்க கூட்டங்கூட்டமா தாவிட்டாங்க"ன்னு முடிச்சிடறாங்க. அவசரப்படாதீங்க. சதவீதத்த ஓரமா வச்சுட்டு ஓட்டு எண்ணிக்கைய எடுங்க.

2016: ஹிலாரி 9,289, டிரம்ப் 2,224. 2020: பைடன் 9,123, டிரம்ப் 8,247. நல்லாப் பாருங்க, ஜனநாயகக் கட்சிக்குக் குறைஞ்சது வெறும் 166 ஓட்டு. டிரம்புக்கு ஏறினது 6,023. தாவினவங்க இருக்கலாம், ஆனா இந்தக் கணக்க நிரப்பினதுல பெரும்பங்கு முன்னாடி ஓட்டே போடாம இருந்தவங்க.

2024 கதை வேற. டிரம்ப் 9,500 பக்கத்துல, ஹாரிஸ் 6,900க்கும் கீழ. டிரம்புக்கு ஏறினது கிட்டத்தட்ட 1,250 ஓட்டு, ஜனநாயகக் கட்சிக்குப் போனது 2,200க்கு மேல. மொத்த ஓட்டும் ஆயிரத்துக்கு மேல குறைஞ்சிருக்கு. அதாவது 2020ல புது ஆள் வந்தாங்க, 2024ல பழைய ஆள் வீட்டோட இருந்துட்டாங்க. ஒரே திசையில ஏறுற கோடு மாதிரி தெரியுது, ஆனா உள்ளுக்குள்ள ரெண்டு தனி விஷயம்.

இங்க ஒரு எச்சரிக்கை. நான் சொன்னதெல்லாம் நிகரக் கணக்கு, கூட்டிக் கழிச்சு மிஞ்சினது. ரெண்டாயிரம் பேர் தாவி, அவங்க இடத்துல ரெண்டாயிரம் புதுசா வந்திருந்தாலும் அதே எண்தான் வரும். நாலு வருஷத்துல செத்தவங்க, ஊரை விட்டுப் போனவங்க, 18 வயசு ஆனவங்க எல்லாரும் இதுக்குள்ளயே இருக்காங்க. வாக்காளர் பட்டியல வாங்கினாலும் ஒருத்தர் ஓட்டுப் போட்டாரா இல்லையான்னுதான் தெரியும், யாருக்குன்னு தெரியாது.

அடுத்து, நெறையப் பேர் சறுக்குற இடம் பிரைமரி, அதாவது கட்சி வேட்பாளர் யாருன்னு முடிவு பண்ற முன்தேர்தல். டெக்சாஸ்ல கட்சி வாரியா பதிவே கிடையாது. மார்ச் மாசம் பூத்துக்குப் போய் எந்தக் கட்சி ஓட்டுச்சீட்டு வேணும்னு கேட்டு வாங்கணும், அவ்வளவுதான். ஒரு கட்சி பிரைமரியில போட்டா, மே மாச ரன்னாஃப்ல, அதாவது மறுசுற்றுல, இன்னொரு கட்சிப் பக்கம் போக முடியாது. ஸ்டார்ல ஷெரிஃப் (கவுன்டி போலீஸ் தலைவர்), கமிஷனர், கவுன்டி ஜட்ஜ் எல்லாமே காலங்காலமா ஜனநாயகக் கட்சி பிரைமரியிலயே முடிவாயிடும். ஜட்ஜ்னு பேரு இருக்கேன்னு பாக்காதீங்க, கவுன்டி நிர்வாகத்துக்கே தலைவர் அவருதான். சொந்தக்காரர் ஒருத்தர் அங்க நிக்கிறாருன்னா நீங்க அந்தச் சீட்டுதான் வாங்குவீங்க. நவம்பர்ல டிரம்புக்குக் குத்திட்டு வந்தா யார் கேக்கப் போறா? அதனால பிரைமரி கூட்டத்த வச்சு அதிபர் தேர்தல கணிக்காதீங்க.

இன்னொண்ணு, ஒரே அழுத்துல கட்சி முழுக்க ஓட்டுப் போடுற வசதி. 2017ல போட்ட சட்டம் அத எடுத்துடுச்சு, 2020 செப்டம்பர்லருந்து அமல். கட்சிப் பட்டன ஒரு தடவ தட்டிப் பழகினவங்க, 2020 நவம்பர்ல அதிபர் பேரைத் தனியா பாத்து முடிவு பண்ண வேண்டியதாச்சு. இது எவ்வளவு ஓட்ட நகத்துச்சுன்னு யாராவது துல்லியமா சொன்னா நம்பாதீங்க. பழக்கம் அறுந்தது நிஜம்.

ஏன் டிரம்ப்? எனக்குப் படுறது, பொழப்பு. இந்தப் பக்கம் எல்லைக் காவல் வேலையும் எண்ணெய் வயல் வேலையும்தான் பட்டப்படிப்பு இல்லாம நல்ல சம்பளம் தர்றது. 2020 அக்டோபர் விவாதத்துல பைடன் எண்ணெய்த் தொழில விட்டு மாறப் போறோம்னு சொன்னது இங்க நேரா அடுப்படிக்கே வந்து விழுந்த பேச்சு. அப்புறம் விலைவாசி. "ஹிஸ்பானிக்னா குடியேறினவங்க பக்கம்தான்"ங்கிற நினைப்பும் இங்க செல்லாது. 1848ல எல்லைக்கோடு ஆத்துக்கு நகர்றதுக்கு முன்னாடியே இங்க வேர் விட்ட குடும்பங்கள் உண்டு. அவங்க எல்லையத் தாண்டல, எல்லைதான் அவங்களத் தாண்டுச்சு.

நீங்களே பாக்கணும்னா, கவுன்டி தேர்தல் அலுவலகத்துலருந்து பிரீசிங்ட் (ஓட்டுச்சாவடி வட்டாரம்) வாரியான முடிவ எடுங்க. 2021 தொகுதி மறுவரையறைக்கு அப்புறம் எல்லை மாறின பிரீசிங்ட பழசோட நேரா ஒப்பிடாதீங்க, அத ஒதுக்கிடுங்க. வாக்குப்பதிவு சதவீதம் போடும்போது சஸ்பென்ஸ் பட்டியல கவனிங்க. அதுல இருக்குற, விலாசம் உறுதியாகாதவங்களும் பதிவான கணக்குலதான் இருப்பாங்க, அதனால வகுக்குற எண் வீங்கி, சனம் சோம்பேறி மாதிரி தெரியும். வயசு வந்தோர் எண்ணிக்கைய வச்சு வகுக்கறதும் தப்பு, குடியுரிமை இல்லாதவங்களும் அதுல வருவாங்க. குடியுரிமை உள்ள, வயசு வந்தவங்க கணக்க எடுங்க.

கடைசியா, ஸ்டார் இருக்குற 28வது காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்ற) தொகுதி. 2024ல அதிபருக்கு டிரம்ப் முன்னால, காங்கிரசுக்கு ஜனநாயகக் கட்சியோட ஹென்றி குவெல்லார் கிட்டத்தட்ட 53 சதவீதத்தோட ஜெயிச்சாரு. ஒரே ஓட்டுச்சீட்டு, ஒரே நாள், ரெண்டு கட்சி. அப்புறம், 2026 எண்ணிக்கைய எடுத்து 2024 பக்கத்துல வைக்காதீங்க, 2022 பக்கத்துல வைங்க. அதிபர் போட்டி இல்லாத இடைத்தவணைத் தேர்தலுக்கு வர்ற கூட்டமே வேற.