கேலி செய்யும் உரிமை

அவைத்தலைவர் அவர்களே, இலக்கிய அன்பர்களே, வணக்கம்.

அடிக்கடி ஓரிடத்தில் கூடிப் பேசுகிறவர்களிடையே எழும் கேலியும் கிண்டலும்தான் இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். இதை வெட்டிப்பேச்சு என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் ஒரு கூட்டத்தில் யார் யாரை என்ன சொல்லிச் சீண்டுகிறார், சீண்டப்பட்டவர் அதை எப்படித் திருப்பிக் கொடுக்கிறார் என்பதைக் கவனித்தால் அவர்களுக்குள் உள்ள நெருக்கத்தின் அளவு தெரிந்துவிடும். நம் குடும்பங்களில் மாமன் மச்சான் முறை உள்ளவர்களுக்குக் கேலி பேசும் உரிமை பிறக்கும்போதே வந்துவிடுகிறது. இரத்த உறவும் இல்லாமல், கொண்டு கொடுத்த உறவும் இல்லாமல், பழக்கத்தின் பேரில் மட்டும் கூடுகிறவர்கள் அந்த உரிமையை எங்கிருந்து பெறுகிறார்கள்? இதற்கு விடை தேடிப் பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனுக்கு உங்களை அழைத்துப்போக விரும்புகிறேன். அங்கே கூடிய ஒரு நண்பர் குழாமில் ஜேம்ஸ் பாஸ்வெல் என்றொருவர் இருந்தார். காதில் விழுந்த உரையாடல்களைக் குறித்துவைக்கும் பழக்கம் அவருக்கு உண்டு. சொன்ன கணத்திலேயே காற்றோடு போய்விடக்கூடிய கேலிப்பேச்சு இத்தனை விவரமாக நமக்குக் கிடைத்திருப்பது பெரும்பேறு என்றே நான் கருதுகிறேன்.

1764ஆம் ஆண்டு, ஓவியர் ஜோஷுவா ரெனால்ட்ஸின் யோசனைப்படி, சோஹோ பகுதியின் ஜெரார்ட் தெருவில் இருந்த டர்க்ஸ் ஹெட் என்னும் விடுதியில் ஒன்பது பேர் வாரந்தோறும் திங்கட்கிழமை மாலையில் கூடி, சேர்ந்து உண்டு, நெடுநேரம் பேசத் தொடங்கினார்கள். ஆங்கில அகராதி தொகுத்த சாமுவேல் ஜான்சன், பின்னாளில் நாடாளுமன்றப் பேச்சால் புகழடைந்த எட்மண்ட் பர்க், அயர்லாந்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த எழுத்தாளர் ஆலிவர் கோல்ட்ஸ்மித் ஆகியோர் அந்த ஒன்பதின்மரில் அடக்கம். பெரும் நடிகரான டேவிட் காரிக்கும், நம் பாஸ்வெல்லும் 1773இல்தான் சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள் என்றாலும், அதற்கு முன்பே இவர்கள் அனைவரும் ஒருவர் வீட்டு விருந்தில் இன்னொருவரைச் சந்திக்கும் பழக்கம் உள்ளவர்கள்.

இவர்களில் அதிகம் கேலிக்கு ஆளானவர் கோல்ட்ஸ்மித். குட்டையான உருவம், அம்மைத் தழும்பு விழுந்த முகம், பகட்டான உடைகளின்மேல் தீராத ஆசை. எழுத உட்கார்ந்தால் அவருக்கு நிகர் சொல்ல ஆள் இல்லை. பேச்சிலோ, எப்படியாவது முந்திக்கொள்ள வேண்டும் என்ற தவிப்பில் தடுமாறுவார். 1769 அக்டோபரில் பாஸ்வெல் தம் இருப்பிடத்தில் அளித்த விருந்துக்குப் புதுச்சட்டை அணிந்து வந்து, அதைத் தாமே பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தார். காரிக் கேலியை ஆரம்பித்துவைத்தார். கோல்ட்ஸ்மித் விடவில்லை; சட்டையைக் கொண்டுவந்த தையற்காரர், "யார் தைத்தது என்று எவரேனும் கேட்டால் வாட்டர் லேனில் உள்ள ஜான் ஃபில்பி என்று என் பெயரைச் சொல்லுங்கள்" என்று வேண்டிக்கொண்டதாகச் சொன்னார். உடனே ஜான்சன், "அந்த விசித்திரமான நிறத்தைப் பார்க்கக் கூட்டம் கூடும் என்பது அவருக்குத் தெரியும், இப்படிப்பட்ட நிறத்திலும்கூட எவ்வளவு நன்றாகத் தைத்திருக்கிறார் என்று எல்லோரும் பார்ப்பார்கள் அல்லவா?" என்றார்.

வெளியாள் ஒருவர் இதைச் சொல்லியிருந்தால் அவமதிப்பாகியிருக்கும். ஜான்சன் சொன்னபோது ஏன் ஆகவில்லை என்பதற்கு, அந்தச் சட்டைக்குப் பல ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு காலைப்பொழுதைப் பார்க்க வேண்டும். தாம் பெரும் இக்கட்டில் இருப்பதாகவும், உடனே வரும்படியும் கோல்ட்ஸ்மித்திடமிருந்து ஜான்சனுக்குச் செய்தி வந்தது. ஒரு கினிப் பொற்காசை முதலில் அனுப்பிவிட்டு, ஜான்சன் உடை மாற்றிக்கொண்டு பின்னாலேயே போனார். போய்ப் பார்த்தால், வாடகை பாக்கிக்காக வீட்டுக்காரப் பெண்மணி அவரைக் கைது செய்யவைத்திருந்தார்; அந்தக் கினி ஒரு புட்டி மதுவாக மாறி மேசைமேல் இருந்தது. ஜான்சன் புட்டியை மூடிவைத்தார். நிதானமாகப் பேசச் சொன்னார். எழுதி முடித்த நாவல் ஒன்று கைப்பிரதியாக இருப்பதை அறிந்து, தாமே அதை எடுத்துப்போய் அறுபது பவுனுக்கு விற்று, வாடகையைத் தீர்க்கவைத்தார். 'தி விகார் ஆஃப் வேக்ஃபீல்ட்' என்னும் அந்த நாவல்தான் 1766இல் வெளிவந்து, கோல்ட்ஸ்மித்துக்கு அழியாப் புகழ் தந்த கதை. ஒருவனுடைய கஷ்டகாலத்தில் வாசற்படி ஏறி வந்தவருக்கு, அவனுடைய சட்டையைப் பார்த்துச் சிரிக்கும் உரிமை இருக்கிறது. கேலி உரிமையின் முதல் ஊற்று இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இரண்டாவது ஊற்று, பிறருக்குத் தெரியாதது இருவருக்குத் தெரிந்திருப்பது. ஒருமுறை ஜான்சனும் கோல்ட்ஸ்மித்தும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் கவிஞர்களின் நினைவுச் சின்னங்களைப் பார்த்தபடி நின்றபோது, பண்டைய ரோமானியக் கவிஞர் ஓவிட் எழுதிய லத்தீன் அடி ஒன்றை ஜான்சன் சொன்னார்: நம் பெயரும் ஒருநாள் இவர்களோடு சேரக்கூடும். அங்கிருந்து நடந்து டெம்பிள் பார் வாயிலை அடைந்தார்கள். அந்த வாயிலின் மேல், அரியணை இழந்த ஸ்டூவர்ட் மன்னர் குலத்துக்காகக் கிளர்ச்சி செய்து கொல்லப்பட்டவர்களின் தலைகள் குத்திவைக்கப்பட்டிருந்தன. கோல்ட்ஸ்மித் ஜான்சனை நிறுத்தி, தலைகளைச் சுட்டிக்காட்டி, அதே லத்தீன் அடியை அவர் காதில் மெல்லச் சொன்னார். ஜான்சனுக்கு ஸ்டூவர்ட் குலத்தின்மேல் உள்ளூர இருந்த சாய்வை அறிந்தவர்தான் இதைச் சொல்ல முடியும். உரக்கச் சொன்னால் ஆபத்து என்பதையும் அறிந்தவர்தான் காதோடு சொல்வார். பிற்காலத்தில் இந்தக் கதையைப் பிறருக்குச் சொல்லி மகிழ்ந்தவர் ஜான்சனே.

ஆனால் எல்லா நாளும் இப்படி இனிமையாகக் கழிந்துவிடவில்லை. "நகையுள்ளும் இன்னா திகழ்ச்சி" என்றார் வள்ளுவர். விளையாட்டுக்காகச் சொன்னாலும் இகழ்ச்சி வலிக்கும். 1773 மே 7ஆம் நாள் புத்தக வெளியீட்டாளர் இல்லத்து விருந்து ஒன்றில் ஜான்சன் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார். தானும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று கோல்ட்ஸ்மித் தொப்பியைக் கையில் பிடித்தபடி காத்திருந்தார். ஒருமுறை அவர் தொடங்கியபோது ஜான்சனின் பெருங்குரல் அதை அமுக்கிவிட்டது. பிறகு வேறொரு விருந்தினர் பேச முற்பட்டபோது ஜான்சன் ஏதோ ஒலி எழுப்ப, "ஒரு மணி நேரமாக அவர் உங்கள் பேச்சைப் பொறுமையாகக் கேட்டார், இப்போது அவரைக் கேட்க எங்களை விடுங்கள்" என்று கோல்ட்ஸ்மித் வெடித்தார். ஜான்சன் கடுமையாக, "நான் அவரை இடைமறிக்கவில்லை. நீர் மரியாதை தவறிப் பேசுகிறீர்" என்றார். கோல்ட்ஸ்மித் பதில் சொல்லவில்லை.

அன்று மாலை இந்த நண்பர்களின் சங்கத்தில் பர்க், காரிக் முதலியோரோடு கோல்ட்ஸ்மித்தும் இருந்தார், வாய் திறக்காமல். ஜான்சன் அதைப் பார்த்தார். "கோல்ட்ஸ்மித் என்னை மன்னிக்கும்படி செய்கிறேன்" என்று அருகில் இருந்தவர்களிடம் சொல்லிவிட்டு, அவை முழுவதும் கேட்கும்படி, "டாக்டர் கோல்ட்ஸ்மித், இன்று நாம் உண்ட இடத்தில் ஒன்று நடந்துவிட்டது. உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்" என்றார். "உங்களிடமிருந்து வருவதை நான் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டுமென்றால் அது மிகப் பெரிதாக இருக்க வேண்டும் ஐயா" என்று அமைதியாகப் பதில் வந்தது. அடுத்த நிமிடமே கோல்ட்ஸ்மித் வழக்கம்போல் படபடவென்று பேச ஆரம்பித்துவிட்டார் என்று பாஸ்வெல் எழுதுகிறார். பலர் முன்னிலையில் புண்படுத்தியதற்குப் பலர் முன்னிலையிலேயே மன்னிப்புக் கேட்டார் என்பதைக் கவனியுங்கள். தனியே அழைத்துப்போய் முதுகைத் தட்டியிருந்தால் இந்த நிறைவு வந்திருக்காது.

இப்போது இந்தக் கூட்டத்தின் ஆகச் சிறந்த கேலிக்கு வருகிறேன். 1774 தொடக்கத்தில், செயின்ட் ஜேம்ஸ் காப்பிக் கடையில் கூடிய நண்பர்களிடையே கல்லறை வாசகம் பாடும் விளையாட்டு ஒன்று நடந்தது. உயிரோடு எதிரில் இருக்கும் கோல்ட்ஸ்மித்துக்குக் காரிக் அந்த இடத்திலேயே இரண்டு வரி பாடினார்: தேவதூதனைப் போல் எழுதினான், கிளிப்பிள்ளை போலப் பேசினான். எல்லோரும் சிரித்தார்கள். பேச்சில் தடுமாறுகிறவருக்கு இதற்கு அங்கேயே பதில் சொல்ல வரவில்லை. வீட்டுக்குப் போய் எழுதினார். நண்பர்கள் ஒவ்வொருவரையும் விருந்தில் வைக்கும் பண்டமாக முதலில் வருணித்து, காரிக்கை எண்ணெயும் புளிப்பும் சர்க்கரையும் உப்பும் கலந்த காய்கறிக் கலவை என்றார். பின்பு ஒவ்வொருவருக்கும் கல்லறை வாசகம் எழுதலானார். மேடையில் காரிக் இயல்பாக இருந்தான், மேடையை விட்டு இறங்கினால்தான் நடித்தான் என்றார். வேட்டைக்காரன் நாய்களை விரட்டுவதுபோல நண்பர்களை விரட்டினான், வேண்டும்போது சீட்டியடித்துக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று அவனுக்குத் தெரியும் என்றார். பர்க்கைப் பற்றியோ, உலகத்துக்கே பிறந்த அறிவைச் சுருக்கி, மனிதகுலத்துக்கு உரியதைக் கட்சிக்குக் கொடுத்துவிட்டான் என்றார். கேட்பவர்கள் சாப்பாட்டை நினைத்துக்கொண்டிருக்கும்போது இவன் அவர்களை நம்பவைக்கும் வழியை நினைத்துக்கொண்டிருந்தான் என்றும் சேர்த்தார்.

பத்து ஆண்டுகள் கேலியை வாங்கிக்கொண்டவரின் பதில் இது. இதில் வன்மம் இல்லை. காரிக்குக்கு இணையான நடிகன் இல்லை என்பதையும் அதே வாசகம் தயங்காமல் சொல்கிறது. ஆனால் ஒவ்வொருவரையும் அருகிருந்து பார்த்த கண் ஒவ்வொரு வரியிலும் இருக்கிறது. முறை வந்தபோது அவர் எடுத்துக்கொண்டார். அந்த முறை தமக்கும் உண்டு என்று தெரிந்திருந்ததால்தான் அத்தனை நாள் கேலிகளையும் தாங்கிக்கொண்டிருந்தார் என்பது என் கருத்து. காதுகேளாத ரெனால்ட்ஸின் வாசகத்தை எழுதிக்கொண்டிருந்தபோது, ஓவியம் பற்றி அரைகுறையாகப் பேசுகிறவர்கள் நடுவில் அவர் காதுக்குழலை நகர்த்திக்கொண்டு பொடி போட்டார் என்ற இடத்தோடு கவிதை நின்றுபோயிற்று. 1774 ஏப்ரல் 4ஆம் நாள் கோல்ட்ஸ்மித் காய்ச்சலில் இறந்தார். செய்தி கேட்டுப் பர்க் அழுதார்; ரெனால்ட்ஸ் அன்று தூரிகையைத் தொடவில்லை.

வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அவருக்கு நினைவுச் சின்னம் வைக்க முடிவாகி, ஜான்சன் லத்தீனில் வாசகம் எழுதினார். ஆங்கிலத்தில் எழுதிப் பெயர் பெற்றவனுக்கு ஆங்கில வாசகம்தானே பொருந்தும் என்று நண்பர்கள் நினைத்தார்கள். அதை ஜான்சனிடம் சொல்லத்தான் ஒருவருக்கும் துணிவு வரவில்லை. 1776இல் ரெனால்ட்ஸ் வீட்டு விருந்தில் பர்க் விண்ணப்பம் ஒன்றை எழுத, யார் முதலில் கையெழுத்திட்டார் என்று தெரியாதபடி எல்லோரும் அதைச் சுற்றி வட்டமாகக் கையொப்பம் இட்டார்கள். வரலாற்றாசிரியர் கிப்பனும் நாடகாசிரியர் ஷெரிடனும் அதில் இருந்தார்கள். ரெனால்ட்ஸ் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தார். ஜான்சன் அதை நல்ல மனத்தோடுதான் வாங்கிக்கொண்டார். பொருளில் எந்தத் திருத்தம் வேண்டுமானாலும் செய்வதாகவும், அந்த ஆலயத்துச் சுவரை ஆங்கில வாசகத்தால் இழிவுபடுத்த மட்டும் ஒருபோதும் சம்மதிக்கமாட்டேன் என்றும் சொல்லியனுப்பினார். பிறகு கையொப்பங்களைப் பார்த்து, படிப்பையே தொழிலாகக் கொண்ட ஜோ வார்ட்டன் இப்படி முட்டாளாக இருப்பான் என்று எதிர்பார்க்கவில்லை என்றார். எட்மண்ட் பர்க்குக்காவது இன்னும் கொஞ்சம் புத்தி இருக்கும் என்று நினைத்திருந்தேன் என்றும் சொன்னார்.